ஆட்டின் ரத்தம் குடிக்கும் புழு... அதன் சர்க்கரையே அதற்கு எமன் ஆவது எப்படி?

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் கன்னியாகுமரி. ரப்பர் தோட்டத்து நிழலிலும் தென்னந்தோப்பிலும் பச்சைப் புல்லுக்குப் பஞ்சமே இல்லை. நாலைந்து வெள்ளாடு வைத்திருக்கும் வீட்டுக்கு இது வரம். ஆனா, அதே ஈரம் ஒரு புழுவுக்கும் வரம்.

யார் இந்தப் புழு?

பெயர் 'ஹீமாங்கஸ் கன்டார்டஸ்'. ஆட்டின் நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லிதான். ஆயிரம் புழு இருந்தால்? தினமும் 50 மில்லி காலி. 20 கிலோ ஆட்டின் உடலில் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டருக்குள்தான் இருக்கும். கண் இமையின் உட்புறம் வெளுப்பது, தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்குவது எல்லாம் இதன் அடையாளங்கள். பெண் புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவை புழுக்கையோடு வெளியேறிப் பொரிந்து, ஈரப் புல்லில் ஏறி அடுத்த ஆட்டுக்காகக் காத்திருக்கும்.

மருந்து இருக்கே, பிறகென்ன?

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததில் புழுக்கள் தாக்குப்பிடிக்கப் பழகிவிட்டன. அல்பெண்டசோல் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு, தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் பதிவாகியிருக்கிறது.

சர்க்கரை எங்கே வருகிறது?

புழுவின் தோலிலும், அது சுரந்து வெளிவிடும் திரவத்திலும் உள்ள பல புரதங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். இவை 'கிளைக்கோபுரதங்கள்'. சில ஒட்டுண்ணிப் புழுக்களில் இந்தச் சங்கிலிகள் விலங்கின் உடலில் இருப்பவை போலவே இருக்கும். அதனால் எதிர்ப்புச் சக்திக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை. சுரக்கும் புரதங்களில் சில, அந்த எதிர்ப்பையே மட்டுப்படுத்தும்.

ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிறுவனம் வேறு இடத்தைக் குறிவைத்தது. அது புழுவின் குடல். அங்கேயும் கிளைக்கோபுரதங்கள் உண்டு. ஆனா, ஆட்டின் உடல் அவற்றைப் பார்த்ததே இல்லை. அவற்றைப் பிரித்தெடுத்து ஊசியாகப் போட்டால், ஆட்டு ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகும். ரத்தம் குடிக்கும் புழு அதையும் சேர்த்தே குடிக்கும். குடலில் செரிமானம் குலையும், முட்டையிடுவது குறையும், புழு சாகும்.

இப்படி வந்த 'பார்பர்வாக்ஸ்' தடுப்பூசி, 2014-ல் ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆடுகளுக்காக அறிமுகமானது. ஒரு டோஸில் இருப்பது வெறும் 5 மைக்ரோகிராம் புரதம்.

சிக்கல் என்ன?

இந்தப் புரதத்தை இன்னமும் உயிருள்ள ஆட்டில் வளர்த்த புழுவிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. பாக்டீரியாவில் தயாரித்துப் பார்த்தபோது பாதுகாப்பு கிடைக்கவில்லை. புரதத்தின் மடிப்பும் சர்க்கரைச் சங்கிலியும் அசலைப் போல அமையாததே காரணம் என்று கருதப்படுகிறது. அதோடு, இயற்கையாகப் புழு தொற்றினாலும் இந்த எதிர்ப்பு தூண்டப்படாது. அதனால் முதலில் 3 ஊசி, பிறகு ஆறு வாரத்துக்கு ஒன்று எனத் தொடர வேண்டும். நாலு ஆடு வைத்திருப்பவருக்கு இது கட்டுப்படியாகுமா என்பது பெரிய கேள்வி.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

* பனி காயும் முன் மேய விட வேண்டாம்.
* கண் இமையைப் புரட்டிப் பாருங்கள். வெளுத்திருந்தால் தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.
* புழுக்கையைப் பரிசோதித்து, எடைக்கு ஏற்ற அளவில் மருந்து கொடுங்கள். அளவு குறைந்தால் புழுவுக்குத்தான் லாபம்.
* எல்லா ஆட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்ற வேண்டாம். தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் கொடுத்தால், மருந்து இன்னும் பல வருஷம் வேலை செய்யும்.