ராக்கெட் ஏவும் அனுமதியும் பொதுமக்களின் உரிமையும்

இந்தியாவில் தனியார் நிறுவனம் ஒன்று ராக்கெட் ஏவ வேண்டுமானால், இன்ஸ்பேஸ் அமைப்பின் அனுமதி கட்டாயம். 2020இல் அறிவிக்கப்பட்ட இந்த அமைப்பு, மத்திய அரசின் விண்வெளித் துறையின் கீழ் அகமதாபாத்தில் இயங்குகிறது. ஸ்கைரூட் நிறுவனத்தின் விக்ரம்-எஸ் 2022 நவம்பர் 18 அன்றும், சென்னை அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட் 2024 மே 30 அன்றும் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பறந்தது இந்த ஏற்பாட்டின்படிதான்.

தனியார் ஏவுதலுக்கும் அரசின் அனுமதி தேவைப்படக் காரணம், 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம். தன் நாட்டுத் தனியார் நிறுவனங்களின் விண்வெளிச் செயல்களுக்கும் அரசே பன்னாட்டு அளவில் பொறுப்பு என்று அது சொல்கிறது. இந்திய விண்வெளிக் கொள்கை 2023இல் வெளியானது. விண்ணப்ப நடைமுறைகளை விளக்கும் வழிகாட்டுதல்கள் 2024 மே மாதம் வந்தன.

ஏவும் முன்

ராக்கெட்டின் கழன்ற பாகங்கள் எங்கே விழும், பாதை தவறினால் என்ன செய்வது என்பவை ஏவும் முன்பே தீர்மானிக்கப்படுகின்றன. அந்தப் பகுதிகளில் செல்லக் கூடாது என்று விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் அறிவிப்பு தரப்படும். ஸ்ரீஹரிகோட்டாவை அடுத்துள்ள பழவேற்காட்டு மீனவர்களுக்கு இந்தத் தடை பழகியது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் செயல்படத் தொடங்கும்போது, அந்தக் கரையோர மீனவர்களும் இதைச் சந்திக்க வேண்டியிருக்கும். தடை நாட்களை முன்கூட்டியே, தமிழில், தெளிவாகத் தெரிந்துகொள்வது அவர்களின் உயிருக்கும் பிழைப்புக்கும் அவசியம்.

ஆபத்து

2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஆளுயரத்துக்கும் மேலான உருளை ஒன்று ஒதுங்கியது. சிப்பிகள் ஒட்டியிருந்த அதை மக்கள் நெருங்காதபடி போலீசார் காவல் காத்தனர். அது இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாம் நிலைப் பாகம் என்று பின்னர் உறுதியானது. அங்கே யாருக்கும் தீங்கில்லை. ஆனால் சில ராக்கெட் பாகங்களில் ஹைட்ரசீன் போன்ற நச்சு எரிபொருள் மிச்சமிருக்கலாம்.

அப்படிப்பட்ட பொருள் வலையில் சிக்கினாலோ கரை ஒதுங்கினாலோ அதைத் தொடவோ உடைக்கவோ பழைய இரும்புக்கு விற்கவோ கூடாது. தள்ளி நின்று காவல் நிலையத்துக்கோ கடலோரக் காவல் படைக்கோ சொல்ல வேண்டும். வேறு நாட்டின் பாகம் என்றால், அந்த நாட்டுக்குத் தகவல் சொல்லவும் கேட்டால் திருப்பிக் கொடுக்கவும் 1968ஆம் ஆண்டின் மீட்பு ஒப்பந்தம் வழிசெய்கிறது.

இழப்பீடு

ஒரு நாட்டின் விண்வெளிப் பொருள் தரையிலோ கடலிலோ சேதம் விளைவித்தால், தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும். 1972ஆம் ஆண்டின் பொறுப்பு ஒப்பந்தத்தில் உள்ள விதி இது. பாதிக்கப்பட்டவரின் அரசு, பொதுவாக ஓராண்டுக்குள், தூதரக வழியில் கோரிக்கை வைக்கலாம். 1978 ஜனவரியில் சோவியத் யூனியனின் காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் கனடாவின் வடபகுதியில் சிதறியது. அதில் அணு உலை இருந்ததால், உறைபனிப் பரப்பில் கதிர்வீச்சுத் துண்டுகளைத் தேடி எடுக்க நேர்ந்தது. கனடா சுமார் 60 லட்சம் டாலர் கேட்டது. 1981இல் 30 லட்சம் கனடிய டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது.

இந்த ஒப்பந்தம் ஏவும் நாட்டின் சொந்தக் குடிமக்களுக்குப் பொருந்தாது. இந்திய ராக்கெட்டால் இலங்கை மீனவருக்குப் பாதிப்பு என்றால் அவருடைய அரசு இழப்பீடு கேட்கலாம். தமிழக மீனவர் உள்நாட்டுச் சட்டத்தைத்தான் நாட வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு தொடரலாம். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். அபாயகரமான தொழில் நடத்துவோர், தவறு நிரூபிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும் என்று டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கோட்பாடு அங்கே துணை நிற்கும். நீரும் நிலமும் மாசுபட்டிருந்தால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகவும் வாய்ப்புண்டு. பொருள் கிடந்த இடத்தின் புகைப்படம், நாள், நேரம், மருத்துவச் சான்று, புகார் ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது முக்கியம்.

2017இல் விண்வெளிச் செயல்பாடுகள் மசோதாவின் வரைவு வெளியிடப்பட்டது, அது சட்டமாகவில்லை. காப்பீடு எவ்வளவு, இழப்பீட்டை யார் தருவார், எத்தனை நாளில் தருவார் என்பவற்றைக் கொள்கையோ வழிகாட்டுதலோ சொன்னால் போதாது. நாடாளுமன்றச் சட்டமே அவற்றை உறுதி செய்ய வேண்டும். ஏவுதளத்தின் அருகே வாழும் மக்களுக்கு அரசு செலுத்த வேண்டிய கடமை அது.