இரண்டாவது போத்தல்

மாணவர்களே, ஒரு விளையாட்டாளர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் அடுத்து என்ன நடக்கும்? நம் நாட்டுப் பூப்பந்து நட்சத்திரம் டத்தோ லீ சோங் வெய்க்கு நடந்ததைப் பார்ப்போம்.

2014 ஆகஸ்டில் கோப்பன்ஹேகனில் நடந்த உலகப் போட்டியில் அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். அங்கே கொடுத்த சிறுநீர் மாதிரியில் டெக்சாமெத்தசோன் என்ற மருந்து இருப்பது பின்னர் தெரியவந்தது. வீக்கத்தையும் வலியையும் குறைக்க மருத்துவர்கள் தரும் மருந்து அது. போட்டிக் காலத்தில் மட்டும் அதற்குத் தடை உண்டு.

சோதனையின்போது சிறுநீரை ‘ஏ’, ‘பி’ என இரண்டு போத்தல்களில் ஊற்றி முத்திரையிடுவார்கள். போத்தலில் பெயர் இருக்காது. எண் மட்டுமே இருக்கும். ஆய்வுக்கூடக் கருவி, சிறுநீரில் கலந்துள்ள பொருள்களைப் பிரித்து, மூலக்கூறுகளின் நிறையைக் கொண்டு அவற்றை அடையாளம் காண்கிறது. ‘ஏ’ மாதிரியில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தால் விளையாட்டாளருக்குத் தகவல் போகும். ‘பி’ போத்தலையும் சோதிக்குமாறு அவர் கேட்கலாம். அதைத் திறக்கும்போது அவரோ அவருடைய பிரதிநிதியோ உடனிருக்கலாம்.

சோங் வெய்யின் ‘பி’ மாதிரி நவம்பரில் நார்வேயின் ஓஸ்லோவில் சோதிக்கப்பட்டது. முடிவு மாறவில்லை. அவர் தற்காலிகமாக விலக்கி வைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. இரண்டு ஆண்டுத் தடை கிடைத்தால், ரியோ ஒலிம்பிக் கனவு கலைந்துவிடும்.

உடலில் என்ன இருந்தது என்பதை ஆய்வுக்கூடம் சொல்லிவிட்டது. அது எப்படி வந்தது? அந்தக் கேள்விக்கு 2015 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த விசாரணை விடை தேடியது. அவர் சாப்பிட்டுவந்த கார்டிசெப்ஸ் குளிகைகளின் ஜெலட்டின் உறையிலிருந்து மருந்து கலந்திருக்கிறது என்பதை விசாரணைக் குழு ஏற்றது. ஏமாற்றும் நோக்கம் அவருக்கு இல்லை என்றும் கூறியது.

ஆனாலும் அவர் முழுமையாகத் தப்பவில்லை. தன் உடலுக்குள் போகும் எதற்கும் விளையாட்டாளரே பொறுப்பு என்பது விதி. கவனக்குறைவுக்காக எட்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. சோதனை நாளிலிருந்தே அது கணக்கிடப்பட்டதால், மே மாதத்தில் மீண்டும் ஆட முடிந்தது. உலகப் போட்டி வெள்ளிப் பதக்கம் பறிபோனது.

2016இல் ரியோவில் அவர் மீண்டும் வெள்ளி வென்றார்.

பள்ளிப் போட்டிகளுக்குத் தயாராகும் உங்களுக்கும் இதில் பாடம் உண்டு. நண்பர் தந்தார், கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக எந்தக் குளிகையையும் விழுங்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.