கவசமும் செத்தல் மிளகாயும்

செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துகிறவர்களில் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்களையும் காணலாம். வீசா கிடைக்கவேண்டும், பிள்ளைக்குப் பிடித்த பயம் தெளியவேண்டும் என்று வேண்டுகிறார்கள். கோயிலின் கதையே அப்படித்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்த காலத்தில் ஒளித்துத் திரிந்த அந்தோனியோ என்ற குருவிடம், கடல் கரையை அரிக்கிறது என்று மீனவர்கள் முறையிட்டார்களாம். அவர் சிலுவை நட்டு மன்றாட, கடல் பின்வாங்கியதாம். இதைச் செபம் என்பதா, மந்திரம் என்பதா?

அயர்லாந்துக்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. கடவுளிடம் கேட்பதும், பல்வலிக்கும் சுளுக்குக்கும் ஓதுவதும் அவர்களுக்கு 'ஒர்ஹ'தான். 7ஆம் நூற்றாண்டில் லாய்ட்கென் என்ற துறவி இயற்றியதாகச் சொல்லப்படும் கவச மன்றாட்டு ஒன்றும் அங்கே உண்டு. உறுப்பு உறுப்பாகச் சொல்லிக் காவல் கேட்கிறது. கந்தசஷ்டி கவசம் மனப்பாடமான நமக்கு இதில் புதுமை என்ன? தேவராய சுவாமிகள் பாட்டிலும் வேல் உடம்பு முழுதும் காவல் நின்று, பில்லி சூனியத்தைப் பேர்சொல்லி விரட்டுகிறது. வெள்ளவத்தை வீடுகளில் காலையில் அது ஒலிக்கும்போது யாரும் மாந்திரீகம் என்பதில்லை.

அதே வீட்டுக் குசினியில் அம்மம்மா நாவூறு கழித்தால் மட்டும் படித்த பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். செத்தல் மிளகாய், உப்பு, முச்சந்தி மண். மூன்றையும் கைக்குள் பொத்தி, குழந்தையின் தலையை மூன்று முறை சுற்றி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, "துப்படா ராசா" என்று துப்பவைத்து நெருப்பில் போடவேண்டும். நெடி ஏறித் தும்மல் வந்தால் நாவூறு இல்லை. நெடியே இல்லாமல் எரிந்தால் பொல்லாத கண். தார் போட்ட காலி வீதியில் முச்சந்தி மண்ணுக்கு எங்கே போவது? பூச்சாடி மண் போதும் என்று தொடர்மாடிக் கிழவி ஒருவர் எனக்குத் தீர்ப்புச் சொன்னார். காஸ் அடுப்பில் பழைய தாச்சி வைத்தால் நெருப்பும் சரி.

காய்ச்சல் என்றால் டொக்டரிடம்தான் போகவேண்டும். பயங்காட்டிச் செப்புத்தகடு விற்பவருக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கவசம் பக்தி, மிளகாய் மூடநம்பிக்கை என்ற பிரிப்பில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அயர்லாந்துக்காரரான டக்ளஸ் ஹைட் அப்படிப் பிரிக்கவில்லை. கொனக்ட் பகுதிக் கிழவர்களிடம் கேட்ட செபங்களையும் மந்திரங்களையும் ஒன்றாகவே சேர்த்து 1906இல் நூலாக்கினார். 1938இல் அயர்லாந்தின் முதல் ஜனாதிபதியானவரும் அவர்தான்.

கவசம் அச்சில் பத்திரமாக இருக்கிறது. அம்மம்மாவின் முணுமுணுப்பு அப்படி இல்லை. ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், முடிந்தால் போனில் பதிந்து வையுங்கள். வெளியே சொன்னால் பலிக்காது என்று மறுப்பார். கொஞ்சம் கெஞ்சத்தான் வேண்டும்.