சேவல் காசும் செல்லும் காசும்



‘கையில் துட்டு இல்லை’ என்கிறோம். மலாய்க்காரர்கள் பணத்தை ‘டூவிட்’ என்கிறார்கள். துட்டும் டூவிட்டும் உடன்பிறப்புகளே. 1641இல் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்களின் சிறு செப்புக் காசுக்கு வழங்கிய பெயரிலிருந்து இரண்டும் வந்தன.

காசை அரசாங்கம்தான் அடிக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஆனால், கடைக்காரர்களே காசு அடித்த காலமும் இருந்தது. இங்கிலாந்தில் 1649 முதல் 1672 வரை சில்லறைத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ரொட்டிக்காரரும் மளிகைக்காரரும் தம் பெயரையும் ஊரையும் தொழிற்சின்னத்தையும் பொறித்துச் சிறு வில்லைகளை வெளியிட்டார்கள். அந்தக் கடைக்காரரின் நாணயத்தை நம்பித்தான் மக்கள் அதை வாங்கினார்கள். அரைப் பென்னி, கால் பென்னிச் செப்புக் காசுகளை அரசே வெளியிட்டதும், 1672இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் வணிகர் காசுகளைத் தடை செய்தார்.

நம் நாட்டிலும் இதுவே நடந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் பெரிய வணிகத்துக்கு ஸ்பானிய வெள்ளி நாணயம் இருந்தது; சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கச் சில்லறை போதவில்லை. சிங்கப்பூர் வணிகர்கள் இங்கிலாந்தில் செப்புக் காசுகளை அடித்து வரவழைத்தார்கள். ஒரு பக்கம் சேவலும், ‘தானா மெலாயு’ என்ற ஜாவி எழுத்தும்; மறுபக்கம் ‘சத்து கெப்பிங்’ என்ற மதிப்பும், 1247 என்ற ஹிஜ்ரி ஆண்டும். ஆங்கிலக் கணக்கில் அது 1831. இதுதான் ‘டூவிட் ஆயாம்’ எனப்படும் சேவல் காசு. செம்பின் விலை குறைவு, காசின் மதிப்பு அதிகம்; இடைப்பட்ட லாபம் வணிகருக்கு. பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனி 1845 என்று ஆண்டு பொறித்த ஒரு சென்ட், அரை சென்ட், கால் சென்ட் காசுகளைக் கொண்டுவந்தது. வணிகர் காசின் காலம் படிப்படியாக முடிந்தது.

சேவல் காசு சந்தையெங்கும் செல்லுபடியானது. ஆனால் மலாக்கா நீரிணையின் அக்கரையில், சுமத்ராவின் டெலி வட்டாரத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகையிலைத் தோட்டங்கள் வெளியிட்ட வில்லைகள் வேறு வகை. கூலியாகக் கிடைத்த வில்லையைத் தோட்டத்துக் கடையில்தான் கொடுக்க முடியும். கடைக்காரன் வைத்ததே விலை. வேறு ஊருக்குப் போனால் அது வெறும் தகடு. உழைத்த கூலி கையில் இருந்தும் தொழிலாளி கட்டுண்டு கிடந்தான்.

இந்தக் கட்டை அவிழ்க்கவே சட்டம் தேவைப்பட்டது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளத்தை எந்தக் கடையில், எப்படி, யாரிடம் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை விதிக்க முடியாது. விதித்தாலும் அது செல்லாது.

எனவே நேயர்களே, சம்பளம் என்பது தொகை மட்டுமன்று; அதை விரும்பிய இடத்தில் செலவிடும் உரிமையும் அதில் சேர்ந்ததே. சம்பளத்துக்குப் பதில் கடைச் சீட்டு தருகிறோம் என்று யாராவது சொன்னால், தலையாட்டிவிடாமல் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ கேளுங்கள்.