சாப்பாட்டுக்கு 'பாக்கி' வைக்காத தமிழ்நாட்டுப் பள்ளிகள்... ப்ளஸ் ஒன் வந்தால் மட்டும் ஏன் தட்டு இல்லை?

'சாப்பாட்டுப் பாக்கியைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பிள்ளையை உங்களிடமிருந்து பிரித்து, வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைக்கும் நிலை வரலாம்.'

2019-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வயோமிங் வேலி வெஸ்ட் பள்ளி நிர்வாகம் பெற்றோர்களுக்கு அனுப்பிய கடிதத்தின் சாரம் இது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது நிர்வாகம்.

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவர் பெயரிலும் ஒரு சாப்பாட்டுக் கணக்கு இருக்கும். செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வதுபோல பெற்றோர் அதில் பணம் போட்டு வைக்க வேண்டும். மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம். அந்த வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும். கணக்கில் பணம் தீர்ந்தால் சூடான சாப்பாட்டுக்குப் பதில் ஆறிய சாண்ட்விச் கொடுத்த பள்ளிகள் உண்டு. பாக்கி இருப்பதைக் காட்ட, குழந்தையின் கையில் முத்திரை குத்திய பள்ளிகளும் உண்டு. 2014 ஜனவரியில் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில், சுமார் 40 குழந்தைகளிடமிருந்து சாப்பாட்டை வாங்கிக் குப்பையில் கொட்டினார்கள்.

இப்படிக் குழந்தைகளை அவமானப்படுத்துவதற்கு 2017-ல் நியூ மெக்ஸிகோ மாநிலம் சட்டம் போட்டுத் தடை விதித்தது. 2022-ல் கலிஃபோர்னியாவும் மெய்னும், 2023-ல் மின்னசோட்டாவும் எல்லா மாணவர்களுக்கும் இலவச உணவு தரத் தொடங்கின. மற்ற பல மாநிலங்களில் பாக்கிக் கணக்கு இன்னும் தொடர்கிறது.

'எவ்வளவு பாக்கி?' அல்ல... 'எத்தனை பேர்?'

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது வளவனூர் பேரூராட்சி. இங்கே அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் பெற்றோரிடம் 'சாப்பாட்டுப் பாக்கி' என்று சொன்னால், ஹோட்டல் கணக்கைத்தான் நினைப்பார்கள். தமிழ்நாட்டின் எந்தச் சத்துணவு மையத்திலும் மாணவர் பெயரில் பணக் கணக்கு கிடையாது. காலையில் வருகைப்பதிவு எடுத்ததும், இன்று எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்ற எண்ணிக்கை அமைப்பாளருக்குப் போகும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்பிலிருந்து 150 கிராம். உடன் முட்டை. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். அப்பா என்ன சம்பாதிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த நிலைக்கு வந்து சேர நூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. 1920-ல் பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. 1956-ல் காமராஜர் கொண்டுவந்த திட்டத்தில் ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு. அதில் 6 காசு அரசு தந்தது. மீதி 4 காசை ஊர்தான் திரட்ட வேண்டும். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் அரசே முழுப் பொறுப்பையும் ஏற்றது. கிராமங்களில் சிறு பிள்ளைகளுக்கு என ஆரம்பித்தது, அதே செப்டம்பரில் நகரங்களுக்கு வந்தது. 1984-ல் 15 வயது வரை நீண்டது.

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில், முதல்வர் ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகள். பிறகு, 2024-ல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளும், 2025-ல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன.

பாக்கி இல்லை... ஆனால், எல்லை உண்டு!

இங்கே பிள்ளையின் தட்டைத் தீர்மானிப்பது பணம் அல்ல, வகுப்பு. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. மதியச் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாணவர்களுக்கு இரண்டுமே இல்லை.

ஒரே மேல்நிலைப் பள்ளியில், ஏப்ரல் வரை சத்துணவுத் தட்டோடு உட்கார்ந்த அதே மாணவி, ஜூனில் ப்ளஸ் ஒன் சேர்ந்ததும் வரிசைக்கு வெளியே நிற்க வேண்டும். வீட்டில் டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுக்க ஆள் இருந்தால் பிரச்னை இல்லை. அம்மா விடியற்காலையில் வயல் வேலைக்கோ, புதுச்சேரிக்குக் கூலி வேலைக்கோ போகிற வீட்டில்? சுற்றுவட்டக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிற பிள்ளைக்கு? பொதுத்தேர்வுக்காக அதிக நேரம் பள்ளியில் இருப்பதும் இந்த வயதில்தான். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

எல்லைக்குக் காரணம், நிதி. மத்திய அரசின் மதிய உணவுத் திட்டம் எட்டாம் வகுப்பு வரைதான். அதுவரையிலான சமையல் செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ்நாடு தன் சொந்தப் பணத்தில் சோறு போடுகிறது. ப்ளஸ் டூ வரை நீட்டினால், அதுவும் முழுக்க மாநிலத்தின் செலவு. அரிசி, காய்கறியோடு முடியாது. சமையல் ஆட்களும் அதிகம் தேவைப்படுவார்கள். ஏற்கெனவே சத்துணவு ஊழியர்கள், சிறப்புக் காலமுறை ஊதியத்தை மாற்றி முறையான காலமுறை ஊதியம் தர வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். உணவின் தரம், முட்டை சரியாக வருகிறதா என்பதையெல்லாம் அந்தக் கூட்டத்தில் கேட்கலாம். சாப்பாடு கொண்டுவராமல் எத்தனை ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகள் மதியத்தைக் கடத்துகிறார்கள் என்று கணக்கெடுத்து, தீர்மானமாகவே எழுதி அனுப்பலாம். சத்துணவின் வயது வரம்பு ஒருமுறை உயர்ந்திருக்கிறது. கேட்டால், இன்னொரு முறையும் உயரலாம்.