துருவோடு ஒரு வழக்கு – 9
ஆவாரம்பட்டையும் அன்னபேதியும்

நிறுத்தி வைக்கப்போகும் மெஷினில் ஒரு பிடி மரத்தூளைக்கூட விடக் கூடாது, அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்று போன வாரமே சொல்லியாயிற்று. அந்த இதழைத் தவறவிட்டவர்கள் தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்ததற்கு இந்த மண்ணின் காய்ந்த காற்றும் ஒரு காரணம். மரத்தை ஏடு ஏடாக உரிக்கிற மெஷினும் குச்சி நறுக்குகிற மெஷினும் அந்தத் தொழிலோடு வந்தவைதான். லைட்டர் வந்து தொழிலை அடித்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தும், ஓடாமல் நிற்கிற மெஷின்கள் இருக்கின்றன. "நம்ம ஊர்ல ஏதுங்க ஈரம், அது பாட்டுக்கு நிக்கட்டும்" என்பார்கள். அந்த நம்பிக்கைதான் மெஷினைத் தின்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் காற்று 25 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமுமாக இருந்தால், 21 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும் எதன்மேலும் பனி படியும். ராத்திரி குளிர்ந்த வார்ப்பிரும்பு மேசை காலையில் லேசில் சூடேறாது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளராக வியர்க்கும். கூரை ஒழுகவே வேண்டாம். இதில் பாலிதீனை இறுக்கிச் சுற்றினால், தரையிலிருந்து ஏறுகிற ஈரமும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மெஷினைக் கட்டைமேல் ஏற்றுங்கள். இழைத்த பரப்பில் கிரீஸ் பூசி, பழைய பருத்தித் துணியால் மூடுங்கள். கடலை எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாகிவிடும்.

துரு ஏற்கெனவே பிடித்திருந்தால்? இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி இதுதான். துருவை மாற்றுவதற்கென்று கடையில் விற்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது டானின். மரப்பட்டையின் துவர்ப்புச் சத்து! துருவிலுள்ள இரும்போடு அது சேர்ந்து, எளிதில் கரையாத கருப்புப் படலமாகிவிடுகிறது. கடுக்காயோடு அன்னபேதி கலந்து முன்னோர் மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. பழங்கால இரும்பைக் காக்கிற அருங்காட்சியகத்தாரும் டானிக் அமிலம் பூசுகிறார்கள். நம் கரிசல் வரப்பில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிற ஆவாரையின் பட்டையும் டானின் நிறைந்ததுதான். தமிழ்நாட்டுத் தோல் ஷாப்புகள் வெகுகாலம் அதைக் கொண்டே தோல் பதனிட்டன. வெளிநாட்டு வாட்டில் பட்டை வந்துதான் அதை ஓரங்கட்டியது. கடுக்காய் இரும்போடு நீலக்கருப்பாகும், ஆவாரை பச்சைக்கருப்பாகும். வீட்டு வாசலில் இப்படி ஒரு வேதியியல் நின்றுகொண்டிருப்பதை நினைத்து நினைத்து மாய்ந்துபோகிறேன்.

ஆனால் இந்தக் கருப்பு மெஷினின் காலுக்கும் சட்டத்துக்கும்தான். மரம் வழுக்கிப் போகிற மேசைப் பரப்பில் துருவை மண்ணெண்ணெய் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தே எடுக்க வேண்டும்.

இன்னொன்று, உயிர்ச் சேதம் சம்பந்தப்பட்டது. தீப்பெட்டி மருந்து புழங்கிய இடத்தில் நின்ற மெஷின் என்றால், எண்ணெயோ மண்ணெண்ணெயோ உப்புத்தாளோ அருகே போகும் முன், அதைத் தண்ணீரால் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். பொட்டாசியம் குளோரேட் தூளும் எண்ணெயும் கலந்தால் உரசலிலேயே தீப்பிடிக்கலாம். குளோரேட் தண்ணீரில் கரையும், வெந்நீரில் இன்னும் வேகமாக.

இந்த வாரம் எழுதுவதாகச் சொன்ன மோட்டாரும் பேரிங்கும் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. அதுவரை யாரும் பேரிங்கைக் கழற்ற வேண்டாம்.