பற்கூச்சம்: பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதல்ல

கிராமங்களில் பெண்கள் குழுக்களின் கூட்டங்களுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "பல்லுக் கூசுது" என்பதாகும். வெயிலுக்கு இதமாகக் குளிர்ந்த சோடாவைக் கொடுத்தால் சிலர் வேண்டாம் என்கிறார்கள். சிலர் ஒரு பக்கப் பல்லாலேயே சாப்பிடப் பழகிவிட்டார்கள். விடியற்காலைக் கிணற்றுத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கவே பயப்படுபவர்களும் உண்டு. "எவ்வளவோ தாங்கியாச்சு, இதென்ன பெரிய விசயம்" என்பதுதான் அவர்களின் பதில்.

ஆனால் சகோதரிகளே, பற்கூச்சம் என்பது ஓர் அறிகுறி. காரணத்தை அறிந்துகொண்டால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்காமல், குறைந்த செலவிலேயே அதைக் குறைக்கலாம்.

பல் ஏன் கூசுகிறது?

பல்லின் மேற்புறத்தை மூடியிருப்பது மிளிரி. எமது உடலிலேயே மிகவும் கடினமான பொருள் இதுதான். அதன் கீழே இருப்பது பன்முதல். பன்முதலில் ஒரு சதுர மில்லிமீற்றருக்குப் பல்லாயிரம் நுண்ணிய குழாய்கள் உள்ளன. அவற்றினுள் ஒரு திரவம் இருக்கிறது. மிளிரி தேய்ந்தாலோ, முரசு கீழிறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிந்தாலோ இந்தக் குழாய்களின் வாய் திறந்துவிடும். குளிரோ, புளிப்போ, இனிப்போ பட்டதும் உள்ளே இருக்கும் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. அதுதான் அந்தச் சுரீர் என்ற கூச்சம். தேய்ந்துபோன மிளிரி மீண்டும் வளராது. ஆகவே இருப்பதைப் பாதுகாப்பதே முக்கியம்.

எம்மிடையே காணப்படும் காரணங்கள்

முதலாவது, உரசித் தேய்ப்பது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடம்விட்டு இடம் ஓடிய நாட்களில் பற்பசையை யார் நினைத்தார்கள்? அடுப்புக்கரி, சாம்பல், மணல், செங்கட்டித்தூள் என்று கிடைத்ததைக் கொண்டு பல் துலக்கினோம். அந்த நேரத்தில் அது தவறல்ல, வேறு வழியில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை இன்றும் விடாதவர்கள் இருக்கிறார்கள். இவை பல்லை வெண்மையாக்குவதுபோலத் தோன்றினாலும் மிளிரியை அராவிவிடும். வவுனியா போன்ற வரண்ட பிரதேசங்களில் சில கிணற்று நீரில் புளோரைட்டு அதிகம். சிறு வயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் மஞ்சள், கபில நிறக் கறை காணப்படும். அந்தக் கறை மிளிரிக்கு உள்ளேயே இருப்பதால் எவ்வளவு உரசினாலும் போகாது, பல்தான் தேயும்.

இரண்டாவது, புளிப்பு. விரத நாட்களில் வெறும் வயிற்றில் தேசிக்காய்த் தண்ணீர், உப்புத்தூளோடு மாங்காய், அடிக்கடி சோடா ஆகியவை மிளிரியை மென்மையாக்கும். கர்ப்ப காலத்தில் அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கும் இதே நிலைதான். வயிற்றிலிருந்து வரும் அமிலம் பல்லில் படுகிறது.

மூன்றாவது, முரசு நோய். பல்லடியில் படியும் ஊத்தை கல்லாக இறுகி, முரசில் இரத்தம் கசிந்து, மெல்ல மெல்ல முரசு கீழிறங்குகிறது. வெற்றிலையோடு புகையிலை போடுவது முரசுக்கு மட்டுமல்ல, வாய்ப்புற்றுநோய்க்கும் காரணமாகிறது.

நான்காவது காரணத்தை எம்மில் பலர் அறிவதில்லை. நித்திரையில் பல்லைக் கடிப்பதுதான் அது. யுத்தத்தில் மகனைத் தொலைத்த ஒரு தாய் பற்கூச்சத்துக்காகப் பல் வைத்தியரிடம் போனார். அவருடைய கடைவாய்ப் பற்கள் தட்டையாகத் தேய்ந்திருந்தன. "இரவில் எப்படி நித்திரை கொள்கிறீர்கள், அம்மா?" என்று வைத்தியர் கேட்டார். அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. கூடப் போன மகள்தான், "அம்மா ராவிலை பல்லை நறநறவெண்டு கடிப்பா" என்று சொன்னாள். பகலில் வாய்விட்டுச் சொல்லாத கவலை இரவில் தாடையில் இறங்கிவிடுகிறது. காலையில் எழும்பும்போது தாடை இறுகியிருப்பதும், காதோரமும் நெற்றிப் பொட்டும் நோவதும் இதன் அடையாளங்கள்.

இன்னும் சிலருக்கு ஷெல் வீச்சிலோ, பதுங்குகுழிக்குள் விழுந்தோ பல் உடைந்திருக்கும், அல்லது வெடித்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் கூச்சத்தைத் தரும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

• கரி, உப்புத்தூள், செங்கட்டித்தூள் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். மென்மையான பிரஸ்ஸும் புளோரைட்டு உள்ள பற்பசையும் போதும். காலையிலும் இரவு படுக்கைக்குப் போகுமுன்னும் 2 நிமிடம், அழுத்தாமல், சிறு வட்டமாகத் துலக்குங்கள். பிரஸ்ஸின் தும்புகள் விரிந்துவிட்டால், அல்லது 3 மாதமானால் மாற்றுங்கள்.

• துலக்கிய பின் நுரையைத் துப்பிவிடுங்கள். தண்ணீரால் பலமுறை கொப்பளித்தால் பற்பசையின் பயன் போய்விடும்.

• பற்கூச்சத்துக்கென்று தனியான பற்பசைகள் கடைகளில் உண்டு. அவற்றில் பலவற்றில் பொற்றாசியம் நைத்திரேற்று இருக்கும். ஒருநாள் பாவித்துவிட்டுப் பலனில்லை என்று விடக்கூடாது. நாளுக்கு இரு தடவையாக 2 முதல் 4 வாரம் பாவித்த பிறகே குணம் தெரியும். விலை சற்றுக் கூடுதலாதலால் கூச்சம் உள்ளவர் மட்டும் பாவித்தால் போதும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

• புளிப்பானதைச் சாப்பிட்டதும், வாந்தி எடுத்ததும் உடனே பல் துலக்க வேண்டாம். தண்ணீரால் கொப்பளித்து, அரை மணித்தியாலம் கழித்துத் துலக்குங்கள். வாந்திக்குப் பின் ஒரு குவளை தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கொப்பளிப்பது நல்லது.

• பல் கடிப்பவர்கள் பகலில் தம்மைக் கவனியுங்கள். உதடுகள் மூடியிருக்கலாம், ஆனால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடக்கூடாது. படுக்குமுன் இளஞ்சூடான துணியால் தாடைக்கு ஒத்தடம் கொடுங்கள். மாலைக்குப் பிறகு கடும் சாயத் தேநீரைக் குறையுங்கள். இரவில் பல்லுக்கு அணியும் ஒரு கவசத்தைப் பல் வைத்தியர் செய்து தரலாம். மனதில் உள்ளதை நம்பிக்கையான ஒருவரிடமோ, உளவளத்துணையாளரிடமோ சொல்வதும் இந்த நோய்க்கு மருந்தே.

• நோவுக்காக அஸ்பிரின் குளிசையை முரசில் வைக்க வேண்டாம், தோல் வெந்துவிடும். கராம்பு எண்ணெய் சிறிது நேரத்துக்கு ஆறுதல் தருமே தவிர, நோயைத் தீர்க்காது.

எப்போது தாமதிக்கக் கூடாது?

குளிர் பட்டதும் வந்து, சில விநாடிகளில் போய்விடும் கூச்சத்துக்கு மேற்சொன்னவை உதவும். ஆனால் கூச்சம் நிமிடக் கணக்கில் நிற்பது, சூடான தேநீருக்கும் நோவது, கடிக்கும்போது குத்துவது, இரவில் தானாகவே நொந்து எழுப்புவது, குறிப்பிட்ட ஒரு பல் மட்டும் கூசுவது ஆகியன சூத்தையோ வெடிப்போ நரம்புவரை போய்விட்டதைக் காட்டலாம். முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 4 வாரம் பற்பசை பாவித்தும் குறையாவிட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அரச வைத்தியசாலைகளின் பல் சிகிச்சைப் பிரிவில் சிகிச்சை இலவசம். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்குப் போகும்போது பற்களையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கர்ப்ப காலத்தில் பல்லைச் சுத்தம் செய்வதாலோ சூத்தை அடைப்பதாலோ வயிற்றில் உள்ள பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. கர்ப்பமாயிருப்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லிவிட்டால் போதும்.

வைத்தியரிடம் எந்தப் பல், எதற்குக் கூசுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதனால் பல் துலக்குகிறீர்கள், காலையில் தாடை நோகிறதா என்ற ஐந்தையும் சொல்லுங்கள். "பிடுங்கிவிடுங்கோ டொக்டர்" என்று நாமே முதலில் கேட்கக் கூடாது. "இந்தப் பல்லைக் காப்பாற்றலாமா?" என்று கேளுங்கள். பிள்ளைகளின் பசியையும் வீட்டின் தேவைகளையும் பார்த்துப் பார்த்து, தன் வாய்க்குள் இருக்கும் நோவைக் கடைசியாக வைப்பது எமது பெண்களின் வழக்கம். கிளினிக்குக்குப் போக ஒரு நாளை உங்களுக்காக ஒதுக்குங்கள்.